சீல் வைத்த உறையும் ஜோன்ஜு சாப்பாடும்

கிரீன் கார்டின் விலை முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர். கைரேகைக்கான எழுபதும் அதிலேயே அடக்கம். அதற்காக ஒரே கம்பெனியில் ஆறு வருஷம் சம்பள உயர்வு கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது, ஊரில் நடந்த கல்யாணம் கருமாதி எதற்கும் போகாதது, போனில் அழும் அம்மாவிடம் விசாவைக் காரணம் காட்டியது, இதெல்லாம் ரசீதில் வராது. எதற்கும் விலை சொல்லத் தெரிந்த மண்ணடிக் கடைக்காரர்கூட இந்தச் சரக்கைக் கையில் கொடுத்தால் விலைச்சீட்டு ஒட்டத் தெரியாமல் முழிப்பார்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் அரசாங்கம் திடீரென்று கதவைத் திறந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் விண்ணப்பம் போடலாம். ஆனால் ஆகஸ்ட் பதினேழு, வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கப்புறம் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய். மதியம் 1:05. கலிபோர்னியாவின் மில்பிடாஸில் சிப்களைச் சோதிக்கும் ஒரு கம்பெனியின் இரண்டாம் மாடி மீட்டிங் ரூம்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

மெஹர் நிஷா திரும்பினாள். இளமாறன் தன் லேப்டாப் பையிலிருந்து எடுத்த பழுப்பு உறையைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

உறையின் ஒட்டிய வாய் அலை அலையாக நெளிந்திருந்தது. அதன் குறுக்கே டாக்டர் குத்தியிருந்த ஊதா முத்திரை பஞ்சில் விழுந்த மைபோலப் பரவியிருந்தது. முத்திரையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரு நூல் அளவு விலகி நின்றன.

"யாரோ பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டியிருக்காங்க," என்றான் இளமாறன். "முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது அக்கா."

உள்ளே இருந்தது அவனுடைய மெடிக்கல் ரிப்போர்ட். கிரீன் கார்டு கேட்பவன் அரசாங்கம் அங்கீகரித்த டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டை உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தித் தருவார். அதை அதிகாரிதான் பிரிக்க வேண்டும். வேறு யார் பிரித்தாலும் அது வெறும் காகிதம். பிரித்த உறையோடு வந்தால் பைலைத் தொடவே மாட்டேன் என்று இளமாறனின் வக்கீல் முன்பே சொல்லிவிட்டார்.

என்ன நடந்தது என்று தெரிய ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டும்.

மதியம் 12:05. அதே அறை, அதே மேஜை, ஐந்து பேர், ஐந்து சாப்பாட்டுப் பெட்டிகள்.

பெட்டிகளைக் கொண்டுவந்தவள் ஹேஜின், டீமில் இருந்த கொரியப் பெண். அவளுடைய சித்தி சான்டா கிளாராவில் சின்னக் கடை வைத்திருந்தாள். சியோலில் தெருவுக்குத் தெரு இருக்கும் கடைகளில் விற்கிற சுற்றுலாச் சாப்பாடு அங்கே அந்த வாரம்தான் வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஊர். புசான் என்றால் மீன், ஜெஜு என்றால் பன்றி, சுன்ச்சோன் என்றால் காரமான கோழி, காங்னுங் என்றால் உருளைக்கிழங்கும் கணவாயும், ஜோன்ஜு என்றால் காய்கறி கலந்த சோறு. மேலே ரயில் டிக்கெட் மாதிரி ஒரு காகித உறை, சீட் நம்பர்கூட உண்டு.

"லீவு கிடைக்காதவர்களின் சுற்றுலா இது," என்று ஹேஜின் ஆங்கிலத்தில் விளக்கினாள். "சியோலில் நான் வேலை பார்த்தபோது மதியம் இதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவோம். திங்கள் புசான், செவ்வாய் ஜெஜு. ஒரு மணிக்குத் திரும்பி வந்துவிடலாம். டிக்கெட் செலவு மிச்சம்."

பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் கயிறு ஒன்று தொங்கியது. அதை இழுத்தால் அடித்தட்டில் இருக்கும் சுண்ணாம்பில் தண்ணீர் கலந்து கொதிக்கும். சோறு தானே சூடாகும். மூடி சூடானால் அதில் ஒரு ரயில் படம் தெரியும், ஆறினால் மறைந்துவிடும்.

"கையைத் தள்ளி வையுங்கள், ஆவி சுட்டுவிடும்," என்றாள் ஹேஜின்.

நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். அறை முழுக்க உஸ்ஸென்று இரைச்சல். வெள்ளை மூடிகளில் நீல ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. திருமூர்த்தி கைதட்டினான்.

"யோவ், இது நம்ம சென்ட்ரல் ஸ்டேஷனை விட கரெக்ட் டைமுக்கு வருதுய்யா!"

கயிற்றை இழுக்காதவர் கந்தசாமி ஒருவர்தான். டீமின் மேனேஜர். கோபிசெட்டிபாளையத்துக்காரர், நாற்பத்தேழு வயது, கிரீன் கார்டு வாங்கிப் பத்து வருஷம் ஆனவர்.

"எனக்கு வேண்டாமுங் அம்மிணி. போன வாரம் பல்லுல குடைஞ்சு விட்டுட்டாங்க. சூடு பட்டா உயிர் போகுது. இப்படியே சாப்பிட்டுக்கறேன்."

செவ்வாய்க்கிழமை, அதுவும் ஆடிச் செவ்வாய் என்பதால் அவருக்கு ஜோன்ஜு. ஹலால் இல்லாத கறியைத் தொடாத மெஹருக்குப் புசான். ஹேஜினுக்குச் சுன்ச்சோன், இளமாறனுக்குக் காங்னுங். திருமூர்த்தி ஜெஜுவை இழுத்து வைத்துக்கொண்டு இளமாறனை முழங்கையால் இடித்தான்.

"மச்சான், உனக்கு இந்த வாரம் கிளியரன்ஸ் சேல்டா. பொண்டாட்டி, கிரீன் கார்டு, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ. எனக்கு முதல் படியான லேபர் சர்டிஃபிகேட்டே அப்ரூவ் ஆகலை. நான் பன்னிக்கறி தின்னே ஆறுதல் அடையணும்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை என்பதை மெஹர் பார்த்தாள்.

பொண்டாட்டி என்று அவன் சொன்னது கயலை. கந்தசாமியின் அக்கா மகள், டெக்ஸாஸில் ஹூஸ்டன் பக்கத்து சுகர் லேண்டில் வேலை பார்க்கிறவள். அப்பா இல்லாத பெண், தாய்மாமன்தான் எல்லாம். மாப்பிள்ளையாக இளமாறனைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். பதினேழாம் தேதிக்குள் கல்யாணம் நடந்தால் மனைவி என்ற முறையில் கயலும் கூடவே விண்ணப்பம் போடலாம். ஆனால் அது ஆடி மாதம். கந்தசாமி ஒரு வாரம் தூங்காமல் யோசித்து வழி கண்டுபிடித்தார்: புதன்கிழமை சான் ஹோசேயில் ரெஜிஸ்தர், ஆவணியில் கோயிலில் தாலி. ரெஜிஸ்தரில் சாட்சிக் கையெழுத்து போடப் போகிறவரும் அவரே. இன்றைக்குச் சாயங்காலம் கயல் ஹூஸ்டனிலிருந்து ஃப்ளைட் ஏற வேண்டும். அவளுடைய மெடிக்கல் அங்கேயே முடிந்துவிட்டது.

12:30க்குச் சாப்பாடு முடிந்தது. லேபில் சிப் சோதிக்கும் மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, இளமாறன் பையை நாற்காலியிலேயே மாட்டிவிட்டு ஓடினான். டேகேரில் மகள் இனாயாவுக்குக் காது வலி என்று போன் வர, மெஹர் தன் இடத்துக்குப் போனாள். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

மறுபடி 1:05.

சத்தம் கேட்டு எல்லோரும் அறைக்கு வந்துவிட்டார்கள். உறை மேஜை நடுவில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"ஏதாவது காணாமல் போயிருக்கிறதா?" என்றாள் ஹேஜின்.

"உள்ள செக் கிக் வச்சிருந்தியாடா?" என்றான் திருமூர்த்தி.

கந்தசாமி கோக் டின்னை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "யாரு எவருன்னு அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல டாக்டருக்கு போன் போடு தம்பி."

இளமாறன் போனை எடுத்தான். லேபில் சிக்னல் கிடையாது. அங்கிருந்து வந்தபின் இப்போதுதான் அதைப் பார்க்கிறான். பார்த்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

12:58க்கு கயலிடமிருந்து மெசேஜ். நான் வரவில்லை. கல்யாணம் வேண்டாம். தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

காலையில்தான் அவள், நாளைக்கு என்ன கலர் சட்டை போடுவீர்கள் என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதை இளமாறன் அறை முழுக்கக் காட்டியிருந்தான்.

அவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். அணைத்துவிட்டாள்.

"மாமா, என்ன மாமா இது?" ஒரு வாரமாகத்தான் கந்தசாமியை அவன் மாமா என்று கூப்பிடுகிறான்.

"நான் பேசறன் கண்ணு. பொறுமையா இரு. பேசிப் பார்க்கறன்," என்றார் கந்தசாமி. அவர் கண்கள் சிவந்திருந்தன.

கை ஏதாவது செய்தால்தான் மெஹருக்கு மூளை ஓடும். மேஜையில் சிதறிக் கிடந்த ஐந்து காலிப் பெட்டிகளையும் அடுக்கி, குப்பைப் பையில் திணித்தாள். மூடிகளில் ரயில்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும், வெளிறிப்போய், இன்னும் நின்றுகொண்டிருந்தது. பையைக் கட்டி மூலையில் வைத்தாள்.

1:12. டாக்டர் ஜம்புநாதன் ஃப்ரீமான்ட்டிலிருந்து ஸ்பீக்கரில் வந்தார்.

"மூணு மணி வரைக்கும்தான் கிளினிக். ராத்திரி சென்னை ஃப்ளைட். திரும்பி வர மூணு வாரம் ஆகும்."

"வேற உறையில போட்டுக் கொடுங்க டாக்டர்," இளமாறன் கெஞ்சினான்.

"என் கையெழுத்து இருக்கற பேப்பர்ல எவனோ கை வச்சிருக்கான். பேப்பரை மாத்தினானா, உருவினானா, எனக்கு எப்படித் தெரியும்? பிரிச்சவன் நேர்ல வரணும். என்ன பண்ணினேன்னு என் முன்னாடி எழுதிக் கையெழுத்து போடணும். அப்பத்தான் சீல் வைப்பேன். இல்லைன்னா எல்லா டெஸ்டும் முதல்லேருந்து. ஊசி போட்டு ரெண்டு நாள் காத்திருக்கணும். அதுக்கு நான் இருக்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது. வேறு டாக்டர்களிடம் அந்த மாதம் அப்பாயின்ட்மென்ட் கேட்பது தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் டிக்கெட் கேட்பதைப் போல. திருடனைப் பிடித்தால் வாழ்க்கை, பிடிக்காவிட்டால் இல்லை. ஃப்ரீமான்ட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஆக, பிடிக்க ஒன்றேகால் மணி நேரம்.

"அக்கா, நீங்க கண்டுபிடிங்க," என்றான் இளமாறன். "எதுல தப்பு இருந்தாலும் உங்க கண்ணுக்குத்தானே தெரியும்."

மெஹர் நிஷாவின் தொழில் அது. மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும் டெஸ்டர். அதற்கு முன்னால், மண்ணடியில் அத்தா பசீர் அகமதுவின் கைக்கடிகாரக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். வாங்க வந்தவன் பத்துக் கடிகாரத்துக்கு விலை கேட்பான். அவன் மனசு போன பதினொன்றாவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்தப் பேசாத பொருளைக் கவனித்து விலையை ஏற்றுவதுதான் கடைக்காரன் சாமர்த்தியம்.

1:20. ஹேஜின்.

"பன்னிரண்டரைக்கு அப்புறம் எங்கே இருந்தாய்?"

"ரிசப்ஷனில். சித்திக்கு போன். பெட்டி எப்படி இருந்தது என்று கேட்டாள்."

"யாரையாவது பார்த்தாயா?"

ஹேஜின் தயங்கினாள். "திருமூர்த்தியை. பேன்ட்ரியில். வெந்நீர்க் குழாய் பக்கத்தில். பன்னிரண்டு நாற்பது இருக்கும்."

இளமாறன் பாய்ந்து எழுந்தான். "அவன்தான்! ஆவி காட்டிப் பிரிச்சிருக்கான்!"

1:26. திருமூர்த்தி.

"பேன்ட்ரில என்ன பண்ணிட்டு இருந்தே?"

"டீ போட்டேன்."

"அப்புறம்?"

"குடிச்சேன்."

"எங்க?"

"அது எதுக்கு மெஹர் உனக்கு?"

"எங்கன்னு கேட்டேன்."

திருமூர்த்தி கதவுப் பக்கம் பார்த்தான்.

"எனக்குக் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்டா உனக்கு," இளமாறன் அவன் சட்டையைப் பிடித்தான். "கயலுக்கும் நீதானே ஏதோ சொன்னே?"

"கையை எடுடா! வயித்தெரிச்சல்தான், இல்லைங்கலை. அதுக்காக இப்படிப் பண்ணுவேனா? கயல் நம்பர்கூட என்கிட்ட கிடையாது!" கண்ணாடிக் கதவுக்கு வெளியே தன் சீட்டில் கோக் டின்னோடு சும்மா உட்கார்ந்திருந்த கந்தசாமிக்குக் கேட்காது என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "கார்ல உட்கார்ந்து வேற கம்பெனிக்கு போன் இன்டர்வியூ குடுத்தேன். 12:45லேருந்து ஒரு மணி வரைக்கும். இந்தா பாரு." தன் போனை நீட்டினான். பதினைந்து நிமிஷம், சன்னிவேல் நம்பர்.

ஐந்து நிமிஷ இடைவெளி இன்னும் இருக்கிறது என்றான் இளமாறன். மெஹர் வாதாடவில்லை. அவள் தொழிலில் சந்தேகம் என்று ஒன்று கிடையாது. திரும்பச் செய்து பார்த்தால் நடக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

1:34. ஆபீஸ் அலமாரியிலிருந்து அதே மாதிரி ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஹேர் டிரையர்போல ஒரு நிமிஷம் ஊதிக் காயவைத்தாள். பேன்ட்ரி வெந்நீரைக் கோப்பையில் பிடித்து அதன்மேல் காட்டினாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். உறை கொஞ்சம் வியர்த்தது. வாய் திறக்கவில்லை. நகத்தால் நெம்பினாள், கிழிந்தது.

குழாய்த் தண்ணீர் போதாது. நின்று கொதிக்கும் ஆவி வேண்டும், நாலைந்து நிமிஷம் விடாமல் வர வேண்டும். பேன்ட்ரியில் அடுப்பு இல்லை, கெட்டில் இல்லை. மைக்ரோவேவ் முன்னால் மதியம் முழுக்க ஆள் வரிசை.

அப்படியானால் ஆவி எங்கிருந்து வந்தது?

அவள் கோப்பையை அப்படியே போட்டுவிட்டு மீட்டிங் ரூமுக்கு ஓடினாள். மூலையில் இருந்த குப்பைப் பையை அவிழ்த்து, பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். இப்போது எல்லா மூடிகளும் வெறும் வெள்ளை. ஆனால் மஞ்சள் கயிறுகள் மறையவில்லை. புசான், இழுத்தாயிற்று. சுன்ச்சோன், இழுத்தாயிற்று. ஜெஜு. காங்னுங்.

ஐந்தாவது பெட்டியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். யாராக இருந்தாலும் இவராக இருக்கக்கூடாது என்று அவள் நினைத்திருந்தவரின் பெட்டி அது.

1:48. அறைக் கதவு சாத்தப்பட்டது. மேஜையைச் சுற்றி ஐந்து பேர்.

"கந்தசாமி சார், பல்லு எப்படி இருக்கு?"

"பரவால்லீங் அம்மிணி. ஏனுங்?"

"மதியம் சோத்தைச் சூடு பண்ணாமதானே சாப்பிட்டீங்க?"

"ஆமா. நீங்களே பார்த்தீங்கல்ல."

"பார்த்தேன். கயிறு இழுத்தது நாலு பேர். குப்பையில இழுத்த கயிறு அஞ்சு." மெஹர் ஜோன்ஜு பெட்டியை மேஜையில் வைத்தாள். "நான் இதை அடுக்கும்போது மணி ஒண்ணு பத்து. நாங்க பன்னிரண்டு பத்துக்கு சூடு பண்ணின பெட்டில எல்லாம் ரயில் போயிடுச்சு. இதுல மட்டும் நின்னுட்டிருந்தது. ஆறின சோறு சாப்பிட்டவர் பெட்டி எப்படிக் கடைசியா சூடாச்சு?"

திருமூர்த்தியின் வாய் திறந்தபடியே இருந்தது.

"எல்லாரும் போனப்புறம் திரும்பி வந்தீங்க. காலிப் பெட்டி. கயிறை இழுத்தா பத்து நிமிஷம் நிக்காத ஆவி. இந்தக் கட்டடத்துல அது ஒண்ணுதான் வழி."

"அம்மிணி, குப்பைல கிடந்த கயிறை வேற யாராவது..."

"இருக்கலாம். அதான் இன்னும் ரெண்டு விஷயம் சொல்றேன். உறையைப் பார்த்ததும் ஹேஜின் என்ன காணோம்னு கேட்டா. திரு செக் இருந்துச்சான்னு கேட்டான். நீங்க கேக்கவே இல்லை. எதுவும் காணாமப் போகலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அடுத்தது, அக்கா மக கல்யாணத்தை நிறுத்திட்டான்னு மெசேஜ் வருது. தாய்மாமன் நீங்க. பேசறேன் பேசறேன்னு சொல்றீங்க, நாற்பது நிமிஷமா போனை எடுக்கவே இல்லை." அவள் நிறுத்தினாள். "ஏன்னா ஏற்கெனவே பேசிட்டீங்க. அந்த கோக் டின்னை வைங்க சார். திறக்கவே இல்லையே அது. விரலைக் காட்டுங்க."

கந்தசாமி டின்னை மேஜையில் வைத்தார். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவுக்குக் கொப்புளம்.

"மாமா?" என்றான் இளமாறன். கோபம் இல்லை அந்தக் குரலில். புரியவில்லை, அவ்வளவுதான்.

"பல்லுவலி நெசந்தானுங்க," கந்தசாமி யாரையும் பார்க்காமல் சொன்னார். "பொய்யொண்ணும் சொல்லலை. கயிறு சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. உறை கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு. ஜாதகம் பார்த்தாச்சு, குணம் ஆறு வருஷமா பார்த்தாச்சு. ரத்தத்தை எங்க பார்க்கறது? ஊர்லன்னா நாலு பேர்த்தை விட்டு விசாரிக்கலாம். இங்க எல்லாமே ஒரு வாரத்துல. அப்பா இல்லாத புள்ளைங்க அது. நாளைக்கு ஒண்ணுன்னா எங்கக்கா என்னைத்தானே கேக்கும்?"

"பார்த்து?" என்றாள் மெஹர்.

"மொதப் பக்கத்துலயே இருந்துச்சு. டிபி. பாசிட்டிவ். பன்னெண்டு மில்லிமீட்டர்." கொப்புள விரலை மடக்கிக்கொண்டார். "எங்கப்பன் ரத்தம் கக்கிச் செத்தது அதுலதானுங். கையும் காலும் ஓடலை. கயலைக் கூப்பிட்டேன்."

இளமாறன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்ட ஹேஜின் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அது தோல்ல போடற ஊசி சார். சின்ன வயசுல தடுப்பூசி போட்டவங்களுக்கு அந்த இடம் தடிக்கும். அதனாலதான் எக்ஸ்ரே எடுத்தாங்க. கிளியர்னு அடுத்த பக்கத்துல எழுதியிருக்கும். திருப்பலையா?"

"ஆவி கையில பட்டுருச்சு. பாதிலயே ஒட்டிட்டேன்."

"ஆறு வருஷமா பக்கத்து சீட்டு. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

கந்தசாமி கோக் டின்னை மறுபடி கையில் எடுத்தார்.

"பேச நேரம் இல்லை," என்று மெஹர் கார் சாவியை எடுத்தாள். "மணி ரெண்டாகப் போகுது. கிளம்புங்க."

2:31. ஃப்ரீமான்ட். டாக்டர் ஜம்புநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கந்தசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்குக் கிரீன் கார்டு எப்ப வந்தது?"

"தொண்ணூத்தேழுங்க."

"தோள்ல தடுப்பூசித் தழும்பு இருக்கா?"

"இருக்குதுங்க."

"அன்னிக்கு ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

கந்தசாமி யோசித்தார். மெல்ல அவர் முகம் வெளுத்தது. "எடுத்தாங்க."

"எதுக்குன்னு நினைச்சீர்? போட்டோ பிடிக்க ஆசைப்பட்டா? உம்ம ரிப்போர்ட்லயும் பாசிட்டிவ்னுதான் எழுதியிருப்பான். உறையைப் பிரிக்காததால உமக்குத் தெரியலை. நல்ல வேளை, உம்ம மாமனாருக்கு ஆவி கிடைக்கலை." ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எழுதும்."

கந்தசாமி எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஹர் தன் போனிலிருந்து, இளமாறனிடம் வாங்கிய கயல் நம்பரைப் போட்டாள். தெரியாத நம்பர் என்பதால் கயல் எடுத்துவிட்டாள். பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது. மெஹர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தாள்.

கயல் நேராகக் கந்தசாமியிடம் பேசினாள்.

"டிபின்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா. பெரிய வியாதி, மறைச்சுட்டான், போன்ல சொல்ல முடியாதுன்னீங்க. நான் வேற என்னென்னமோ நினைச்சு..." அதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனாள். "எனக்கும் பாசிட்டிவ்தான். பதினாலு மில்லிமீட்டர். அவரை விட ரெண்டு ஜாஸ்தி. எனக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க."

கந்தசாமியின் பேனா நின்றது.

"கண்ணு, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் மாமா. அதான் பயமா இருக்கு. இளமாறன், கேக்கறீங்களா?"

"கேக்கறேன்," என்றான் இளமாறன்.

"நான்தான் முதல்ல உங்களைக் கேட்டிருக்கணும். ஸாரி. மாமா சொன்னார்னதும் நானும் யோசிக்கலை. டிக்கெட்டை இன்னும் கேன்சல் பண்ணலை, கேட்லதான் உட்கார்ந்திருக்கேன். நீங்க வேண்டாம்னா சொல்லிடுங்க. இப்பவே எழுந்து போயிடறேன்."

இளமாறன் ஜன்னலைப் பார்த்தான். மெஹர் அவனைப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றாள்.

"என்ன கலர் சட்டைன்னு காலைல கேட்டீங்களே. நீலம்."

கயல் சிரித்தாளா அழுதாளா என்று ஸ்பீக்கரில் பிரித்தறிய முடியவில்லை.

"மெஹர் அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க ஃப்ரீயா? சாட்சிக் கையெழுத்து நீங்க போட முடியுமா?"

கந்தசாமி நிமிர்ந்தார். "கயலு..."

"நீங்களும் வாங்க மாமா. வராம இருக்காதீங்க. ஆனா வெளிய பெஞ்சுல உட்காருங்க. ஆவணில கோயில் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலையை உங்க கையில குடுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கறேன். போர்டிங் கூப்பிடறாங்க. வச்சிடறேன்."

போன் அணைந்தது. மெஹர் அதைப் பைக்குள் போட்டாள். கந்தசாமி தலையைக் குனிந்து, கொப்புளம் பட்ட விரலை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மீதியை எழுதி முடித்தார். டாக்டர் தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"டாக்டர் உள்ளே வைத்ததாகச் சொன்ன பக்கங்கள் ஏழு. நான் படித்தது ஒன்று. எடுத்தது இல்லை. சேர்த்தது இல்லை." உறையைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக எண்ணினார். ஏழு. புது உறையில் போட்டு ஒட்டி, ஊதா முத்திரையை ஓங்கிக் குத்தினார். மணி 2:52.

இளமாறன் உறையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நேராக வெளியே நடந்தான். கந்தசாமி நீட்டிய கை அப்படியே நின்றது.

பக்கம் ஏழுக்கு ஏழு சரி. காணாமல் போனது ஒன்றே ஒன்று, நாளைக்கு ரெஜிஸ்தரில் கந்தசாமி போடவிருந்த சாட்சிக் கையெழுத்து.